கண்ணாடிக்கடை நேசையனின் வலது கண்

குழித்துறையில் கண்ணாடிக்கடை நேசையன் அண்ணனிடம் ஏச்சு வாங்காமல் கண்ணாடி வாங்கியவர் யாரேனும் உண்டென்றால், அவர் வாய் பேசாத குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவு கொண்டு வருபவருக்கு ஓர் ஏச்சு. அளவே இல்லாமல் "நம்ம வீட்டு ஜன்னலுக்கு" என்று வந்து நிற்பவருக்கு இரண்டு. எனக்கு மட்டும் நாள்தோறும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக. அன்றைக்கு அவர் சர்ச்சுக்குப் போய்விடுவார், கடையும் அடைப்பு.

நான் செய்த குற்றம் இதுதான்: அவர் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், அக்ரிலிக் ஷீட் வார்க்கிறேன். ஷார்ஜாவில் இதே வேலையைப் பதினேழு வருடம் பார்த்துவிட்டு, இனி சொந்த ஊரில் சொந்தக் கொட்டகையில் பார்ப்போம் என்று வந்தவன். என் பெயர் குமாரதாஸ். அவர் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது குறைவு. "லேய் பிளாஸ்டிக்கு" என்பார். அக்ரிலிக் என்ற சொல் ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. கோபம் எனக்குச் சட்டென்று வரும், போகும்போது மட்டும் சாவகாசமாகப் போகும். ரோட்டின் இந்தப் பக்கம் நின்றே வாதாடுவேன்.

"எடை பாதிதான் அண்ணே, கண்ணாடிய விட."

"எடை கொறஞ்சவன ஊருக்குள்ள எவம்லே மதிக்குதான்?"

"நூறு பங்கு வெளிச்சம் விழுந்தா இது தொண்ணூத்திரண்டு பங்க அந்தப் பக்கம் விடும். ஒங்களுக்க கண்ணாடி தொண்ணூறு தாண்டாது."

"அந்த ரெண்டு பங்க வச்சு நீ நெல்லா காயப்போடப் போற?"

"கீழ விழுந்தா ஒடையாது அண்ணே."

"ஒடையாத சாதனத்துக்கு என்ன மரியாதை? கண்ணாடி ஒடையும்னு உள்ளதுனாலதான் மனுசன் பைய நடக்குதான்."

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்விடுவேன். என்னிடம் எண்கள் இருந்தன, அவரிடம் வாய் இருந்தது.

ஆனால் அவர் கண்ணாடி பார்க்கிற விதத்தை நான் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். தடித்த கண்ணாடி ஒன்று லாரியில் இறங்கினால் முதலில் அதன் ஓரத்தைப் பார்ப்பார், அந்த இளம் பச்சை எவ்வளவு என்று. பிறகு விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப் போகும் என்பார். பிறகு கட்டை விரல் நகத்தை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார். கடைசியில் கன்னத்தை அதன்மேல் ஒட்ட வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். அந்தக் குளிர்ச்சி அவருக்கு என்ன சொன்னது என்று தெரியவில்லை. "இது தேறும்" என்றால் தேறும். நாற்பது வருடத்தில் அவர் தேறும் என்று சொல்லித் தேறாமல் போனது கிடையாது என்பது ஊர்ப் பேச்சு.

இதையெல்லாம் அவர் ஒற்றைக் கண்ணால் செய்தார். எண்பத்து மூன்றாம் வருடம், அவருக்கு இருபத்திரண்டு வயது. மரப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே உடைந்திருந்த கண்ணாடியிலிருந்து ஒரு சில்லு தெறித்து இடது கண்ணில் ஏறிவிட்டது. சில்லை எடுத்தார்கள். ஆனால் அதனோடு போன அழுக்கு உள்ளேயே தங்கி, மூன்றாம் நாள் சீழ் வைத்து, பத்தாம் நாள் கண் போய்விட்டது. அன்றிலிருந்து இடது இமை மூடியே கிடக்கிறது. இன்னொருவராக இருந்தால் கண்ணாடித் தொழிலைத் தலைமுழுகியிருப்பார். இவர் இருபதாம் நாள் கடைக்கு வந்து, அதே பெட்டியில் மிச்சமிருந்த கண்ணாடியை வெட்டினாராம். தேவகனி மைனி சொன்னது. மைனி அவருடைய மனைவி. அந்தக் கண் போனதற்கு அடுத்த வருடம், எல்லாம் தெரிந்தே அவரைக் கட்டியவர்.

அவரிடம் நான் தோற்றுப்போன கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பம் அய்யாவழி. எங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் சிலை கிடையாது, பள்ளியறையில் கண்ணாடிதான். கும்பிடப் போகிறவன் அதில் தன் முகத்தையே பார்க்கிறான். தெய்வம் உனக்குள்ளே இருக்கிறது, தேடி அலையாதே என்பது அதன் பொருள். நான் ஊர் திரும்பிய வருடம் அந்தக் கண்ணாடி ரசம் போய் மங்கியிருந்தது. என் பெருமையைக் காட்ட, ரசம் பூசிய அக்ரிலிக் பலகை ஒன்றை நேர்ந்துகொண்டு மாட்டினேன். இரண்டு பக்கமும் விளக்கு எரியும் இடம் என்பது பக்தியில் மறந்துபோயிற்று. அக்ரிலிக் சூட்டில் இளகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். நாற்பதே நாளில் பலகை லேசாக வளைந்து, கும்பிட வந்தவர்களின் முகமெல்லாம் கோணலாகத் தெரிந்தது. நேசையன் அண்ணன்தான் புதுக் கண்ணாடி வெட்டிக் கொண்டுவந்தார். எங்கள் வழக்கப்படி சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, தன் கையாலேயே மாட்டினார். உள்ளே இருந்தவரை ஒரு சொல் பேசவில்லை. வெளியே வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்தபடி என்னை ஏசிய ஏச்சு கால் மணி நேரம் நீண்டது.

இத்தனைக்கும் என் தொழில் அவர் இல்லாமல் நடக்காது. இது பலருக்குத் தெரியாது. அக்ரிலிக் ஷீட்டை வார்ப்பதே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில்தான். அந்தக் கண்ணாடிகள் அவர் பார்த்துத் தேற்றி எனக்குக் கொடுப்பவை. "விரோதிக்கும் ஆயுதம் விக்கணும்லே, அதுதான் யாவாரம்" என்று சொல்லிக் கொடுப்பார்.

போன வருடம் ஆனி மாதம் புதிதாக இரண்டு பெரிய கண்ணாடிகள் வாங்கினேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து, தேறும் என்றார். அவற்றை வைத்து முதல் ஷீட் வார்த்துப் பிரித்தபோது, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு, தலைமுடி கனத்தில். அக்ரிலிக்குக்குச் சொந்த முகம் கிடையாது. கண்ணாடியின் முகத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். கண்ணாடியில் கீறல் இருந்தால் இதில் அது வரம்பு போல எழுந்து நிற்கும். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். அதே இடத்தில், அதே நீளத்தில், வெட்டவெளிச்சமாகக் கீறல்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எட்டு வருட ஏச்சுக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது என்று ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். பின்னாலேயே என் ஆட்கள் இரண்டு பேர் கண்ணாடியைச் சுமந்து வந்தார்கள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"தேறும் தேறும்னு கன்னத்துல வச்சுத் தந்தீயளே, இஞ்ச பாருங்க! கண்ணு எங்க இருந்துது ஒங்களுக்கு?"

அவர் ஷீட்டை வாங்கி மேசைமேல் போட்டுக் கட்டை விரலை ஓட்டினார். வரம்பு வந்ததும் விரல் நின்றது. பிறகு கண்ணாடியைப் போடச் சொல்லி நகத்தை இழுத்தார். ஒரு தடவை தவறியது. இரண்டாம் தடவை நகம் கீறலில் விழுந்தது. அவர் தலையைத் தாழ்த்தி வலது கண்ணை அந்த இடத்துக்கு அரைச் சாண் தூரத்துக்குக் கொண்டுபோனார். இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒனக்கு நின்ன நெலையில தெரிஞ்சுதா?" என்றார், மெதுவாக.

"தெரியாம பின்ன? வெளிய நிக்கவனுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியல்ல மக்கா," என்றார்.

எட்டு வருடத்தில் அவர் என்னை மக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். கையில் பிடித்திருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு மனிதனின் கண்ணை நான் கேலி செய்துவிட்டேன், அதுவும் இருக்கிற ஒரே கண்ணை. ஷீட்டை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை மைனி என் கொட்டகைக்கு வந்தார். மூன்று வருடமாகவே அண்ணனுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டு ஜெபத்தில் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களையே வாசிப்பதுபோலச் சொல்லி வந்திருக்கிறார். ஒரே சங்கீதம் வாரத்தில் நாலு நாள் வந்தபோதுதான் மைனிக்குப் பிடிபட்டது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே சீறுவாராம்.

"ஒரு கண்ணு ஆஸ்பத்திரியிலதான் போச்சு. இதையும் குடுத்திட்டு வரச் செல்லுதியான்னு கேக்குதாரு. அவருக்கு வெப்ராளம் குமாரு. வெளிய ஏசுதாரே தவிர, உள்ள பயமும் வெப்ராளமும்தான்," என்றார்.

அடுத்த மாதம் சர்ச் மண்டபத்தில் கண் சிகிச்சை முகாம் வந்தது. சும்மா பார்க்க மட்டும்தான் என்று சொல்லி, மைனியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அழைத்துப் போனோம். டாக்டர் சின்ன வயதுக்காரர். புரை நன்றாக முற்றிவிட்டது, பழுதான லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் பார்வை வரும் என்றார். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வைக்கப் போறது கண்ணாடிதானே டாக்டரே?"

"இல்லீங்க ஐயா, அக்ரிலிக்."

அவர் எழுந்துவிட்டார். மண்டபத்தின் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் மனதில் இத்தனை கசப்பாக்கியதில் என் வாய்க்கும் பங்கு உண்டு என்று பட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் என் கொட்டகை வாசலில் நின்றார். மைனி முழங்கையைப் பிடித்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் ரோட்டைத் தாண்டி வந்தது அதுவே முதல் தடவை.

"ஒனக்க சாதனத்தையா எனக்க கண்ணுக்குள்ள வைக்கப் போறானுவ?" என்றார். "காட்டு. மொதல்ல இருந்து காட்டு. எனக்கு ஒண்ணு விடாம ஒக்க தெரியணும்."

ஸ்டூலை இரண்டு தடவை துடைத்துப் போட்டு உட்கார வைத்தேன்.  ஷார்ஜாவில் பெரிய பெரிய முதலாளிகளை நடத்திக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், அவர்களுக்குக்கூட ஸ்டூல் துடைத்ததில்லை.

அக்ரிலிக்கின் மூலத் திரவம் இருந்த டிரம்மைத் திறந்தேன். மூக்கில் ஏறும் நெடி. ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து அவர் கண்ணருகே காட்டினேன். தண்ணீரைவிட இலேசாக, கலங்கல் துளியும் இல்லாமல் நின்றது.

"இது வெள்ளம் மாதிரில்லா இருக்கு. இதுவா கட்டியாவும்?"

"நம்ம ரப்பர் பால் உறஞ்சு ஷீட்டு ஆவுதுல்லா, ஏறத்தாழ அது மாதிரி அண்ணே. அதுக்கு ஆசிட்டு. இதுக்கு ஒரு சிட்டிகைப் பொடி." பொடியைக் காட்டினேன். "அசனத்துல பந்தி இருக்கதப் பாத்திருக்கியள்லா? மொதல் ஆளு இருக்கதுவரை எல்லாரும் நிப்பானுவ. ஒருத்தன் இருந்தா போதும், கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள வரிசை நெறஞ்சிரும். இந்தப் பொடிதான் மொதல்ல இருக்கவன். பின்ன வெள்ளத்துல உள்ள ஒவ்வொரு துளியும் பக்கத்துத் துளியோட கைகோத்து நீளமா சேந்துரும்."

அசனம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. சர்ச்சில் எல்லாருக்கும் சோறு போடும் அசனத்தில் விளம்புவதில் அவர்தான் முன்னணி.

முதலில் கொஞ்சம் சூடாக்கித் தேன் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஆற வைத்து, காற்றுக் குமிழ்களை உறிஞ்சி எடுத்தேன். இரண்டு கண்ணாடிகளையும் துடைத்து, மூன்று ஓரங்களில் மெல்லிய குழாயை வைத்து ஒன்றன்மேல் ஒன்று சேர்த்துக் கிளிப் போட்டேன். மேல் ஓரத்தின் இடைவெளி வழியாகப் பாகை ஊற்றினேன். ஊற்றும்போது அவர் எழுந்து வந்து கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். பாகு இறங்குவதற்குச் சத்தம் கிடையாது. ஆனால் அவர் எதையோ கேட்டதுபோலத் தலையை ஆட்டினார். மேல் ஓரத்தையும் அடைத்து, எல்லாவற்றையும் வெந்நீர்த் தொட்டியில் இறக்கினேன்.

"கொதிக்க வைக்கியா?"

"அய்யோ, கொதிச்சா போச்சு. இது கைகோக்கும்போது தானாவே சூடாவும். நாம கூடச் சூடு குடுத்தா உள்ளயே கொதிச்சு ஒக்க குமிழாயிரும். கை பொறுக்காத சூடு, அவ்வளவுதான். பைய, மணிக்கணக்குல."

"வேகமா செய்ய ஒக்காதா?"

"ஒக்காது அண்ணே. அவசரப்பட்டா கெட்டுப்போவும்."

அவர் தொட்டிப் பக்கமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடையை மைனி பார்த்துக்கொண்டார். மத்தியானம் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வந்தன, இரண்டு பேரும் அங்கேயே தின்றோம். தின்றுகொண்டே இன்னொன்றும் சொன்னேன். உறையும்போது அது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்.

"சுருங்கினா கண்ணாடிக்கும் அதுக்கும் எடவெளி வராதா?"

"வராது. நடுவுல உள்ள குழாய் அமுங்கும். கண்ணாடி ரெண்டும் கூடவே நெருங்கி வந்துரும். கடைசிவரை விடாது."

அவர் தின்பதை நிறுத்தினார். "கண்ணாடி எறங்கிக் குடுக்குதா?" என்றார். "நாப்பது வருசமா நான் கண்ணாடிய வெட்டுதேன். அது எறங்கிக் குடுக்கும்னு எனக்குத் தெரியாது."

பிறகு அவரே கண்ணாடியைப் பற்றிச் சொன்னார். மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்க விடுவார்களாம். அசையாமல் கிடக்கும் அந்த ஈயத்தின் பரப்பைத்தான் கண்ணாடி வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் அவ்வளவு சமம். எனக்கு இது தெரியும், ஆனால் சேர்த்துப் பார்த்ததில்லை. ஈயம் தன் முகத்தைக் கண்ணாடிக்குக் கொடுக்கிறது. கண்ணாடி அதை அக்ரிலிக்குக்குக் கொடுக்கிறது. எங்கோ ஒரு உலைக்குள் அசையாமல் கிடந்த ஒரு பரப்பு, கை மாறிக் கை மாறி, குழித்துறையில் என் கொட்டகைத் தொட்டிக்குள் வந்து உறைந்துகொண்டிருக்கிறது. இருபத்தைந்து வருடம் இந்த வேலையைச் சம்பளத்துக்கும் லாபத்துக்கும் பார்த்தவனுக்கு அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து எடுத்து, அடுப்பறையில் இன்னும் கூடுதல் சூட்டில் வைத்து, மெதுவாக ஆறவிட்டேன். மத்தியானம் கிளிப்புகளைக் கழற்றும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இந்தக் கட்டத்தில் ஒரு சத்தம் வரும். ஆறும்போது ஷீட் கண்ணாடியை விட்டுப் பிரிகிற சத்தம், டிக், டிக் என்று. அவர் கையை உயர்த்தி எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"கண்ணாடி கை விடுது," என்றார்.

மேல் கண்ணாடியைத் தூக்கினோம். ஷீட்டை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தேன். நகத்தை இழுத்தார், தடங்கல் இல்லை. தட்டினார். கண்ணாடிபோல் கணீரென்று பேசவில்லை, மரம்போல மொத்தென்றது. ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சை இல்லை, நிறமே இல்லை. கடைசியில் கன்னத்தை ஒட்ட வைத்தார். வெகுநேரம் கன்னத்தை எடுக்கவில்லை.

"இது குளிரல்ல," என்றார். "கண்ணுக்குள்ளயும் குளிராதுல்லா?"

அப்போதுதான் எனக்கு அவருடைய பயத்தின் அளவு புரிந்தது. நாற்பது வருடத்துக்கு முன் கண்ணுக்குள் ஏறிய அந்தச் சில்லின் குளிர்ச்சி இன்னும் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். ஷார்ஜா கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் சில சண்டை விமானங்களுக்கு அக்ரிலிக்கால் மூடி போட்டிருந்தார்கள். குண்டு பட்டு அது சிதறியபோது ஓட்டியவர்களின் கண்ணுக்குள் சில்லுகள் ஏறின. எடுக்க முடியாத சில்லுகள் உள்ளேயே கிடந்தன. அவர்களைப் பார்த்துவந்த ஒரு கண் டாக்டர், வருடங்கள் போயும் அந்தச் சில்லுகளைக் கண் பகையாக நினைக்கவில்லை என்று கவனித்தார். அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்து வைத்தால் என்ன என்று யோசித்தார். அங்கே தொடங்கியதைத்தான் இன்றைக்கு முகாம் முகாமாக வைக்கிறார்கள்.

"அந்த ஆளுவளுக்குச் சீழ் வைக்கல்லியா?"

"இல்ல அண்ணே."

"எனக்கு மூணாம் நாளு வச்சுது," என்றார். சொல்லிவிட்டு மூடிக் கிடந்த இடது இமையை விரலால் தொட்டார். பிறகு வலது கண்ணை என் பக்கம் திருப்பினார். "லேய், நீ செல்லு. இது ஒனக்க கண்ணா இருந்தா, இது ஒண்ணுதான் மிச்சம்னா, வைப்பியா?"

எட்டு வருடம் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று எத்தனை எண்களை அடுக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் இந்தக் கேள்விக்கு உதவாது. நான் ஆம் என்று சொன்னால் ஒரு மனிதனின் பார்வை முழுவதும் என் ஒரு சொல்லின்மேல் ஏறி உட்காரும். இல்லை என்றால் அவர் இருட்டுக்குப் போய்விடுவார். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"நான் செய்யுது போர்டுக்கும் ஷீல்டுக்கும் உள்ளது அண்ணே. கண்ணுக்கு உள்ளத வேற எடத்துல, தூசி நுழையாத அறையில செய்யுவானுவ. இனம் ஒண்ணு, பக்குவம் வேற. இதுக்குக் குறை உண்டு. நான் மறைக்கல்ல. ஆணி பட்டாக் கீறும். வெளக்குச் சூட்டுல வளையும், அத நீங்களே கண்டியளே. அதுல எல்லாம் கண்ணாடிதான் மேல." மூச்சு வாங்கிக்கொண்டேன். "ஆனா கண்ணுக்குள்ள கீறுததுக்கு ஆணி ஏது? அங்க எரியுததுக்கு வெளக்கு ஏது? இதுக்க குறையெல்லாம் வெளியில வச்சாத்தான் குறை. உள்ள வச்சா இதுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்க கண்ணா இருந்தா வைப்பேன் அண்ணே. பயந்துக்கிட்டேதான் வைப்பேன். ஆனா வைப்பேன்."

அவர் ஷீட்டைப் பக்குவமாக மேசைமேல் கிடத்தினார்.

"செரி," என்றார். "ஆனா ஆபரேசன் அன்னைக்கு நீயும் வரணும். கோளாறு ஆச்சுன்னா ஏசுததுக்கு ஒரு ஆளு வேணும்."

மைனி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் முகாம்காரர்களின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷனுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே பெஞ்சில் நானும் மைனியும் இருந்தோம். மைனி ஜெபம் பண்ணினார். நான் கண்ணை மூடிக்கொண்டு அய்யாவை நினைத்தேன். என் நெற்றியில் நாமம், பக்கத்தில் மைனியின் ஜெபம், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே வேண்டுதல். கட்டை மறுநாள்தான் அவிழ்ப்பார்கள் என்றார்கள்.

அந்த இடைப்பட்ட நேரம் எனக்கு ஒரு மாதம்போல நீண்டது. உள்ளே வைத்த அந்த லென்ஸ் ஒரு பயறளவுகூட இருக்காது. நான் வார்த்த ஷீட்டுகளை அடுக்கினால் குழித்துறைப் பாலத்தையே மறைக்கலாம். அத்தனையும் சேர்ந்தாலும் அந்தப் பயறளவுக்கு ஈடாகாது என்று தோன்றியது.

காலையில் டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். கண்ணைச் சுற்றித் துடைத்துவிட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் திறந்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை விட்ட வானம்.

"லேய்," என்றார். "வானம் எப்பவும் இந்த நீலமா?"

"எப்பவும் இதுதான் அண்ணே."

டாக்டர் சிரித்தபடி அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணன் தலையைத் திருப்பினார். அருகில் நின்ற மைனியைப் பார்த்தார். நெற்றியிலிருந்து உச்சிவரை, உச்சியிலிருந்து காதுவரை, கண்ணாடியை மேலிருந்து கீழே பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு எப்பம் இவ்வளவு நரைச்சுது?"

"மூணு வருசமாச்சு," என்றார் மைனி. "நான் செல்லல்ல."

"என்னத்துக்குச் செல்லாம இருந்த?"

"நீங்க என்னைய வயசாவாதவளாட்டு நெனச்சுட்டு இருந்தீய. இருக்கட்டுன்னு விட்டேன்."

அவர் முகம் கோணியது. கையை நீட்டி மைனியின் தலைமுடியைத் தொட்டார். வலது கண்ணிலிருந்து கண்ணீர் இறங்கியது. பிறகு, நாற்பது வருடமாக மூடிக் கிடந்த இடது இமையின் ஓரத்திலிருந்தும் இறங்கியது. மைனி பதறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"குமாரு, இவரு அழுதாரே! அது உள்ள கரஞ்சு போவுமா? ஒனக்குல்லா தெரியும், செல்லு!"

"கரையாது மைனி," என்றேன். "கண்ணத் தொடைக்கத்தான் கூடாது. அழட்டு."